ஆயாவா, காப்பகமா?

கேள்வி: ஆறு மாதக் குழந்தையை விட்டுவிட்டு வேலைக்குத் திரும்புகிறேன். வீட்டுக்கு ஆயா வைப்பதா, காப்பகத்தில் விடுவதா?
– வாசகி, வேளச்சேரி

பதில்: முதலில் உங்கள் அலுவலகத்தைக் கேளுங்கள். 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் குழந்தைக் காப்பக வசதி தர வேண்டும், தாய் தினமும் நான்கு முறை போய்ப் பார்க்கலாம் என்று 2017-இல் மகப்பேறு சலுகைச் சட்டத்தைத் திருத்தியிருக்கிறார்கள். அதற்கு வழியில்லையென்றால், முதல் வயது முடியும்வரை என் ஓட்டு ஆயாவுக்கே. காப்பகத்தில் ஒரு பிள்ளை தும்மினால் ஊருக்கே மூக்கு ஒழுகும்! ஆயாவுக்கு நியாயமான சம்பளமும் வார விடுமுறையும் கொடுங்கள். அவருக்குக் காய்ச்சல் வந்தால் லீவு போட, குழந்தைக்கு அப்பா என்றும் ஒருவர் இருக்கிறார். காப்பகம்தான் என்றால், ஒரு மத்தியானம் சொல்லாமல் போய் நில்லுங்கள். உள்ளே விடத் தயங்கினால் வேறு இடம் பாருங்கள்.