குளிர்காய எந்த இரும்பு?

கேள்வி: தோட்டத்தில் குளிர்காய நெருப்புத் தொட்டி செய்யப்போகிறேன். பழைய ஜி.ஐ. தொட்டி ஒன்று சும்மா கிடக்கிறது. அதிலேயே தீ மூட்டலாமா? – ஒரு வாசகர், கோத்தகிரி

பதில்: குளிர் போகும், காய்ச்சல் வரும்! ஜி.ஐ. தொட்டியின் மினுமினுப்பு துத்தநாகப் பூச்சு. அது சுமார் 420 டிகிரி செல்சியஸில் உருகும், 907-ல் கொதித்து ஆவியாகும். விறகு கனன்று எரிந்தால் அந்தச் சூடெல்லாம் சர்வசாதாரணம். அந்தப் புகையைச் சுவாசித்தால் சில மணி நேரத்தில் நடுக்கம், உடம்புவலி, வாயில் உலோகச் சுவை. வெல்டிங் பட்டறைக்காரர்களுக்கு நன்கு பழக்கப்பட்ட காய்ச்சல் இது. அந்தத் தொட்டியில் தண்ணீர் நிரப்பிப் பக்கத்தில் வையுங்கள், தீயணைக்க ஆகும்.

அலுமினிய அண்டாவா? 660 டிகிரியிலேயே உருகிவிடும். எண்ணெய் டிரம்மா? மிச்சமிருக்கும் ஆவி வெட்டும்போதே வெடிக்கலாம்.

பூச்சில்லாத 3 மி.மீ. இரும்புத் தகடோ வார்ப்பிரும்போ போதும். துருப்பிடிக்குமே என்பீர்கள். பிடிக்கட்டும், துரு அழகைத்தான் கெடுக்கும், ஆளைப் படுக்கவைக்காது. பழைய வாஷிங் மெஷினின் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் டிரம்மும் நல்லதே. பிளாஸ்டிக், ரப்பரையெல்லாம் கழற்றிவிடுங்கள்.

எதில் மூட்டினாலும் கங்கை மட்டும் அறைக்குள் கொண்டுபோகாதீர்கள். கார்பன் மோனாக்சைடு கதவைத் தட்டிவிட்டு வருவதில்லை.