ஹக்கி சார்

பெங்களூரில் லவ் பேர்ட்ஸ் வளர்க்கிறவரைக் கண்டுபிடிக்க அவர் வீடு வரை போக வேண்டியதில்லை. லிஃப்ட்டில் பார்த்தாலே தெரிந்துவிடும். டி-ஷர்ட்டின் தோள்பட்டையில் காய்ந்துபோன வெள்ளைப் புள்ளிகள். காது மடலில் சின்னதாய் ஒரு வெட்டு. லேப்டாப்பைத் திறக்கச் சொல்லிப் பாருங்கள், மேல் வரிசையில் பாதி பட்டன்கள் இருக்காது. பேன்ட் பாக்கெட்டில் கார் சாவியைத் தேடினால் கூடவே ஒரு தினைக் கதிரும் வரும். பெல்லந்தூர், ஒயிட்ஃபீல்டு, எச்.எஸ்.ஆர். லேஅவுட் என்று எந்தப் பக்கம் போனாலும் அடுக்குமாடிக்கு ஒருவராவது இப்படி இருக்கிறார். எங்கள் அபார்ட்மென்ட்டில் இருப்பவரைச் செக்யூரிட்டி "ஹக்கி சார்" என்று கூப்பிடுகிறார். கன்னடத்தில் ஹக்கி என்றால் பறவை. சாருக்கு இதில் துளிக்கூட வருத்தமில்லை. ஐ.டி. கம்பெனியில் ராப்பகலாக உழைத்து வாங்கிய 'சீனியர் டைரக்டர்' பட்டத்தைவிட இதில்தான் அவருக்குப் பெருமை.

அவரிடம் தப்பித் தவறிக்கூட, "லவ் பேர்ட்ஸா சார்? எங்க சித்தப்பா வீட்லகூட பச்சையும் மஞ்சளுமா நாலு வச்சிருந்தாங்களே" என்று சொல்லிவிடக் கூடாது. "அது பட்ஜி. ஆஸ்திரேலியாக் குருவி. நம்ம ஊர்ல எல்லாரும் அதைப் போய் லவ் பேர்டுன்னு சொல்லிட்டிருக்காங்க. இது ஆப்பிரிக்கா" என்று ஆரம்பிப்பார். அப்புறம் லிஃப்ட் தரைத்தளத்துக்கு வந்தாலும் நீங்கள் இறங்க முடியாது. லவ் பேர்டில் மொத்தம் 9 இனங்கள். எட்டு ஆப்பிரிக்கக் கண்டத்தில், ஒன்று மடகாஸ்கரில். தன்னிடம் இருப்பது நமீபியாவின் வறண்ட பூமியைச் சேர்ந்த 'பீச் ஃபேஸ்'. எடை 50 கிராம் சொச்சம். ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் 15 வருஷம்கூட இருக்கும் என்று ஒரே மூச்சில் சொல்லி முடிப்பார். கடைசியில், "ஹோம் லோன் முடியறப்ப இவங்க கூட இருப்பாங்க" என்பார். அதைச் சொல்லும்போது மட்டும் குரல் கொஞ்சம் தழுதழுக்கும். பறவைக்காகவா, லோனுக்காகவா என்று யாரும் கேட்டதில்லை.

பறவை வாங்கச் சார் முதலில் போனது சிவாஜிநகர் ரஸ்ஸல் மார்க்கெட் பக்கம். ஒரே கூண்டில் இருபது முப்பது பறவைகள் நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்து மனசு கேட்காமல் திரும்பிவிட்டார். பிறகு வீட்டிலேயே வளர்த்து விற்கும் ஒருவரைப் பிடித்தார். "ஹேண்ட் ஃபெட் குஞ்சு சார்" என்று அவர் காட்டியவை இரண்டு. பொரித்து இரண்டு மூன்று வாரமானதும் தாயிடமிருந்து எடுத்து, மாவைக் கரைத்து, ஊசியில்லாத சிரிஞ்சால் வேளாவேளைக்கு ஊட்டி வளர்த்தவை. கரைசலின் சூடு 40 டிகிரியை ஒட்டி இருக்க வேண்டும். கூடினால் குஞ்சின் தீனிப்பை வெந்துபோகும். ஆறினால் ஜீரணமாகாமல் அங்கேயே தங்கிப் புளித்துவிடும். இத்தனை பாடுபட்டு வளர்த்த குஞ்சு விற்பவரின் கை வழியாக ஏறி, காலருக்குள் புகுந்து, கண்ணை மூடித் தூங்கியது. சார் அங்கேயே விழுந்துவிட்டார். "ஃபெவிகால் மாதிரி ஒட்டிக்கும் சார்" என்றார் விற்றவர். வாரத்தில் மூன்று நாள் ஆபீஸ் போகிற சமயத்தில் துணை வேண்டுமே என்று இரண்டையும் வாங்கிவந்தார் சார். வள்ளி, முருகன் என்று பெயரும் வைத்தாயிற்று.

வீட்டுக்கு வந்த ஃபெவிகால் ஒட்டவில்லை. இரண்டும் கூண்டின் கோடியில் போய், இறகையெல்லாம் உடம்போடு இறுக்கி, விரல் கனத்துக்கு ஒல்லியாகி நின்றன. சார் கையை உள்ளே விட்டதும் கூண்டே அதிர்ந்தது. கைவளர்ப்புப் பறவை என்றால் எந்த மனிதன் தோளிலும் ஏறி உட்காரும் என்பது வாங்குகிறவர்களின் நினைப்பு. அந்தக் குஞ்சு நம்பியதோ ஒரு கையை, ஒரு குரலை, ஒரு அறையை. மூன்றையும் ஒரே நாளில் பிடுங்கிவிட்டு நம்மை நம்பு என்றால் எப்படி நம்பும்? போதாததற்கு வயசு வேறு: பறக்கவும் தானே தின்னவும் கற்ற சமயம், எதைப் பார்த்தாலும் திடுக்கிடும் பருவம். சார் விற்றவருக்குப் போன் போட்டார். "டைம் குடுங்க சார்" என்றார் அவர். சாருக்கு ஒன்றும் ஓடவில்லை. ஆபீசில் எல்லாரும் அவரிடம் கேட்பது அதைத்தான். இதுவரை யாருக்கும் கொடுத்துப் பழக்கமில்லை.

வேறு வழியில்லாமல் கொடுத்தார். கூண்டுக்குப் பக்கத்தில் ஒரு மோடாவைப் போட்டு, பறவைகளை நேராக முறைக்காமல் பக்கவாட்டில் உட்கார்ந்து, லேப்டாப்பை விரித்துக்கொண்டார். நேரே உற்றுப் பார்த்துக்கொண்டு நெருங்குவது பருந்தின் வேலை. பறவைக்கு அது பிறவி பயம். ஏதாவது பேசிக்கொண்டே இருக்க வேண்டும் என்றார்கள். என்ன பேசுவது? டிக்கெட் லிஸ்ட்டை வாசித்தார். "பேமென்ட் பேஜ் லோட் ஆகலடா செல்லம்... யாரும் இன்னும் எடுக்கலடா கண்ணு..." அதே லிஸ்ட்டைத்தான் காலையில் டீமுக்கும் வாசித்தார், வேறொரு குரலில். பறவைகளின் இறுக்கம் சீக்கிரமே தளர்ந்தது. டீம் அப்படியேதான் இருந்தது.

அடுத்தது தினை. பறவைகள் கதிரோடுதான் விரும்பித் தின்னும். கதிரை உருவும் சாக்கில் நம் கைக்குப் பக்கத்திலும் வரும். பெங்களூர் மளிகைக் கடையில் நவணே என்று கேட்டால்தான் தினை கிடைக்கும், அதுவும் உதிர்த்ததுதான். கதிருக்கு ஆன்லைனில் ஆர்டர் போட்டார் சார். அந்த வள்ளி தினைப்புனத்துப் பரணில் நின்றுகொண்டு, கதிரைத் தின்ன வந்த கிளிகளை ஆலோலம் பாடி விரட்டினாள். பன்னிரண்டாம் மாடியில் இந்த மனிதர் கதிரை நீட்டிக்கொண்டு, தின்னு தாயே என்று இந்த வள்ளியைக் கெஞ்சிக்கொண்டிருந்தார். முதலில் கம்பிக்கு வெளியிலிருந்து கதிர். பிறகு கதவைத் திறந்துவைத்துக் கதிர். பிறகு கதிரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சின்னதாக்கி, விரலுக்குப் பக்கத்தில்.

அந்த விரலில் பறவை முதலில் ஏறுகிற காட்சியை நானும் பார்த்தேன். காலை வைக்கவில்லை, முதலில் அலகைத்தான் வைத்தது. விரலை லேசாகக் கவ்வி, ஒரு இழுப்பு இழுத்துப் பார்த்தது. கிளையில் ஏறுவதற்கு முன் அது தாங்குமா என்று பார்ப்பார்களே, அந்தச் சோதனை. புதிதாக வளர்க்கிறவர்கள் பலரும் கோட்டை விடுவது இந்த இடத்தில்தான். கடிக்கப்போகிறது என்று கையை வெடுக்கென்று இழுத்துக்கொள்வார்கள். இந்தக் கிளை ஆடும் என்று பறவை குறித்துவைத்துக்கொள்ளும்; இன்னொரு தடவை அழுத்திக் கடித்தால் கை ஓடிவிடும் என்கிற பாடமும் அதற்குச் சேர்ந்து கிடைக்கும். சார் கையை அசைக்கவில்லை. வலித்திருக்கும்போல, கண்ணில் தண்ணீர் கோத்துக்கொண்டது. முருகன் ஒரு காலை வைத்தது. யோசித்தது. அடுத்த காலையும் வைத்தது. அப்புறம் உடம்பை உப்பிக்கொண்டு அலகை நறநறவென்று மெல்ல அரைத்தது. நிம்மதியாகத் தூக்கம் வருகிறது என்று அர்த்தம். சார் முக்கால் மணி நேரம் அப்படியே நின்றார். மேலதிகாரி இரண்டு தடவை கூப்பிட்டார், எடுக்கவில்லை.

இதற்குள் வீடு தலைகீழாகிவிட்டது. முதல் பலி நான்ஸ்டிக் தவா. அதன் பூச்சு அளவு மீறிச் சூடானால் கிளம்பும் புகை பறவையைச் சில நிமிஷத்தில் கொன்றுவிடும். பறவையின் நுரையீரல் அவ்வளவு வேகமாகக் காற்றை உறிஞ்சுகிற அமைப்பு. தவா போன கையோடு ஊதுபத்தி, கொசுவத்தி, ரூம் ஸ்ப்ரே எல்லாம் வெளியே. சமையல் கட்டுக்கு மறுபடியும் இரும்புத் தோசைக்கல் வந்தது. ஊரிலிருந்து வந்திருந்த அம்மாவுக்கு ஏக சந்தோஷம். "டேய், கல்யாணமான நாள்லேருந்து இரும்புக் கல்லுதான் நல்லதுன்னு அடிச்சுக்கிட்டேன். நான் சொன்னா கேக்கல, குருவி சொன்னா கேக்கற" என்றார். ஊதுபத்தி போனதை மட்டும் அவர் இன்னும் மன்னிக்கவில்லை. பறவைகள் வெளியே உலவும்போது ஃபேன் போடக் கூடாது. ஏப்ரல் மாதத்தில் குடும்பமே வேர்க்க விறுவிறுக்க உட்கார்ந்திருக்க, "பெங்களூர்ல அந்தக் காலத்துல யார் வீட்ல ஃபேன் இருந்துச்சு?" என்று சரித்திரம் பேசுவார் சார். எல்லாரும் புறா உள்ளே வராமலிருக்கப் பால்கனியில் வலை கட்டுகிற ஊரில், பறவை வெளியே போகாமலிருக்க வலை கட்டியவர் இவர் ஒருவர்தான். மேலே பருந்துகள் வட்டமடித்தபடியே இருக்கின்றன. அவற்றைப் பார்த்துக் கையை ஓங்குகிறார்.

அடுத்து வந்தது கத்தா விவகாரம். பெங்களூரில் வீடு வாங்கியவர்களுக்குக் கத்தா என்கிற மாநகராட்சிச் சொத்துச் சான்று மாங்கல்யத்துக்கு நிகர். மேஜைமேல் இருந்த அதன் நகலை முருகன் ஓரத்திலிருந்து வரிசையாகக் கத்தரித்து, ஒரே அகலத்தில் நீள நீளமான நாடாக்களாக்கி, ஒவ்வொன்றாகத் தன் பின்புற இறகுக்குள் செருகிக்கொண்டு நடந்தது. வீட்டுக்காரம்மா பதறிப்போய், "ஏங்க, கத்தாவை வாலில் கட்டிக்கிட்டுப் போகுதுங்க!" என்று கத்தினார். சார் வீடியோ எடுத்துக்கொண்டே விளக்கினார்: "கூடு கட்ட இப்படித்தான் எடுத்துட்டுப் போகும். இந்த இனத்துல பெண் பறவையோட ஸ்பெஷாலிட்டி. ஃபிஷர் இனம் அலகுல தூக்கிட்டுப் போகும். கார்னெல் யூனிவர்சிட்டியில வில்லியம் டில்கர்னு ஒருத்தர் ரெண்டையும் கலந்து குஞ்சு பொரிக்க வச்சு 1962லயே எழுதியிருக்கார். அந்தக் கலப்புக் குஞ்சுங்க இறகுல செருகப் பாத்து, செருக முடியாம, பாவம், ரொம்பத் திண்டாடிச்சுங்க." வீட்டில் தமிழ், ஸ்கூலில் இங்கிலீஷ், இரண்டாம் மொழி கன்னடம் என்று மூன்றுக்கும் நடுவே நின்றுகொண்டிருந்த பையன், "எனக்குப் புரியுதுப்பா" என்றான்.

பெண் பறவைதான் இப்படிச் செய்யும் என்று இத்தனை விளக்கமாகச் சொன்ன மனிதர், செய்துகொண்டிருந்தது முருகன் என்பதைக் கவனிக்கவில்லை. அடுத்த மாதம் ஒரு காலையில் கூண்டைத் துடைக்கப் போன அம்மா மூலையில் வெள்ளையாக ஒரு முட்டையைப் பார்த்தார். "முருகா!" என்று கூவினார். கூவியது சாமியையா, பறவையையா என்பதில் வீட்டில் இன்றைக்கும் கருத்து வேறுபாடு உண்டு. பீச் ஃபேஸில் ஆணும் பெண்ணும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். நாலு இறகை லேபுக்கு அனுப்பி டி.என்.ஏ. டெஸ்ட் எடுத்தால்தான் தெரியும். எடுத்தார்கள். இரண்டுமே வள்ளி.

சாருக்குச் சட்டம் அத்துப்படி. நம்மூர்ப் பச்சைக்கிளியைக் கூண்டில் வைப்பது 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்பதை அசோசியேஷன் கூட்டத்தில் எழுந்து நின்று சொல்வார். வெளிநாட்டுப் பறவைகளில் சைட்டிஸ் என்கிற சர்வதேச வன உயிரின வணிக ஒப்பந்தத்தின் பட்டியலில் உள்ளவற்றை மத்திய அரசின் பரிவேஷ் தளத்தில் பதிய வேண்டும் என்று 2024இல் விதி வந்தது. லவ் பேர்ட் இனங்களில் பீச் ஃபேஸ் மட்டும் அந்தப் பட்டியலில் இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்வார். யாரும் அதைக் கேட்டிருக்க மாட்டார்கள். அவர்கள் கேட்டது, காலை ஆறு மணிக்கு அந்தக் கீச்சுக் குரலை நிறுத்த முடியுமா என்பதுதான்.

இவ்வளவு பொறுமையும் அந்த ஐம்பது கிராமுக்கு மட்டும்தானா என்பதில்தான் வீட்டுக்காரம்மாவுக்கு வழக்கு. அவர் கார் ஓட்டக் கற்றுக்கொண்டிருக்கிறார். சார் பக்கத்தில் உட்கார்ந்து, "பிரேக்! பிரேக்! கண்ணு தெரியலையா?" என்று அலறுவது வழக்கம். ஒருநாள் சில்க் போர்டு சிக்னலில் அம்மையார் வண்டியை நிறுத்தி, "அந்த ரெண்டுகிட்ட பேசற குரல்ல பேசறதா இருந்தா மட்டும் ஓட்டுவேன்" என்று சொல்லிவிட்டார். பின்னால் நூறு ஹாரன். சார் இறங்கிவந்தார். "மெதுவாடா கண்ணு... பயப்படாதே... ஒண்ணும் அவசரமில்ல... அப்படியே கிளட்சை விடு..." வண்டி குலுங்காமல் நகர்ந்தது. பக்கத்து ஆட்டோக்காரர் மட்டும் பச்சை விழுந்ததும் நகராமல் இவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஹக்கி சாரைப் பார்த்து ஆசை வந்து வாங்கக் கிளம்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. "நீங்களே சிரிஞ்சில ஊட்டினாத்தான் ஒட்டும்" என்று சொல்லி, இறகு முளைக்காத குஞ்சையும் மாவு டப்பாவையும் கையில் திணிப்பவரிடம் வாங்காதீர்கள். அது அனுபவசாலிகள் செய்கிற வேலை. பழக்கமில்லாத கையில் குஞ்சு செத்துப்போகும். தானாகத் தின்னப் பழகிய குஞ்சாகக் கேட்டு வாங்குங்கள். அதுவும் ஒட்டும், நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்தால். தினமும் இரண்டு மணி நேரம் அப்படி உட்கார முடியாது என்றால் கூண்டே வாங்க வேண்டாம். காலையில் கப்பன் பார்க் போங்கள். பச்சைக்கிளிகள் அங்கே கூட்டம் கூட்டமாகக் கத்திக்கொண்டிருக்கின்றன. நுழைவுக் கட்டணம் கிடையாது.