குற்றமெல்லாம் கண்ணாடிக்கே

படம் மங்கலாக விழுந்தால், "கை ஆடிருச்சோ, ஷட்டர் குறைஞ்சிருச்சோ" என்று தங்களையே சந்தேகித்துக்கொள்ளும் கோழைகள் எங்கள் திருநெல்வேலிப் பக்கம் நிறைய உண்டு. அண்ணாச்சி அந்த ரகம் இல்லை. கேமராவின் முதுகுத் திரையில் படத்தைப் பெரிதாக்கிப் பார்ப்பார். மறு நொடியே தீர்ப்பு வந்துவிடும்: "லென்ஸு சரியில்லடே." வாய்தா கிடையாது, சாட்சி கிடையாது, அப்பீலும் கிடையாது. இத்தனை விரைவாக நீதி கிடைக்கும் இடம் நாட்டில் வேறு இருப்பதாகத் தெரியவில்லை.

அவரிடம் தண்டனை வாங்கியதில் மூத்தது ஒரு 50 எம்எம் எஃப்/1.8. உறவுக்காரக் குழந்தையின் காதுகுத்துக்கு அதை எடுத்துப் போனார். தாய்மாமன் மடியில் குழந்தை, தலையில் சந்தனம், கழுத்தில் ரோஜா மாலை. படத்தில் ரோஜா இதழின் நரம்புவரை எண்ணலாம். முகம் மட்டும் மார்கழிப் பனி. இதழ் அவ்வளவு துல்லியமாக விழுந்திருக்கிறதே, அப்படியானால் லென்ஸ் நன்றாகத்தானே இருக்கிறது, ஃபோகஸ்தான் இடம் மாறி உட்கார்ந்துவிட்டது என்று சாதாரண மூளை யோசிக்கும். அண்ணாச்சியின் மூளை சாதாரணமானதா? ஏபிஎஸ்-சி கேமராவில் அந்த லென்ஸை முழுதாகத் திறந்து ஒரு மீட்டர் தூரத்தில் நின்று எடுத்தால், தெளிவாக விழும் பகுதியின் ஆழம் ஏறக்குறைய 3 சென்டிமீட்டர்தான். மூக்கு நுனிக்கு ஃபோகஸ் வைத்தால் கண் போய்விடும். ஆனாலும் ஃபோகஸ் புள்ளியைக் கண்ணின் மேல் தாமே வைக்கும் அற்ப வேலையை அவர் செய்வதில்லை. எல்லாப் புள்ளிகளையும் கேமராவின் பொறுப்பில் விட்டுவிடுவார். அது பெரும்பாலும் கிட்டத்தில் இருப்பதைப் பிடித்துக்கொள்ளும். அன்று கிட்டத்தில் இருந்தது மாலை. கீழிருப்பவர்களை நம்பிப் பொறுப்பை ஒப்படைக்கும் இந்தப் பெருந்தன்மை எத்தனை அதிகாரிகளுக்கு வரும்?

எஃப்/4-க்குக் குறைத்து ஒரு படம் எடுத்துப் பாருங்கள் அண்ணாச்சி என்று ஒரு பையன் சொன்னான். "ஒன்னு புள்ளி எட்டுக்குத் துட்டு குடுத்துட்டு நாலுல எடுக்க நான் என்ன கூமுட்டையா?" என்று கேட்டார். நியாயம்தானே. அதே அண்ணாச்சி பாபநாசத்தில் மலையை எடுக்கும்போது மட்டும், எல்லாம் தெளிவாக வரட்டும் என்று எஃப்/22-க்குப் போவார். துளை அவ்வளவு சிறியதானால் ஒளி விளிம்பில் சிதறிப் படம் முழுவதும் சற்று மழுங்கும் என்பது இயற்பியல். இயற்பியல் சொல்வதற்கெல்லாம் ஆடுகிறவரா அவர்?

70-300-இன் கதை இன்னும் மேன்மையானது. கூந்தன்குளத்தில் பொழுது சாயும் நேரம், 300 எம்எம்மில், கையில் பிடித்தபடி, நொடியில் அறுபதில் ஒரு பங்கு வேகத்தில் நாரைகளை எடுத்தார். ஏபிஎஸ்-சி கேமராவில் அந்த நீளத்துக்கு ஐந்நூறில் ஒரு பங்காவது வேண்டும் என்பது பழைய கைக்கணக்கு. ஐஎஸ்ஓவை ஏற்றினால் அந்த வேகம் கிடைத்திருக்கும். ஆனால் ஐஎஸ்ஓ 100-ஐத் தாண்டினால் புள்ளி விழும் என்று யாரோ எப்போதோ சொன்னதை அவர் இன்றுவரை மீறியதில்லை. கொண்ட கொள்கைக்காக ஒரு குளத்துப் பறவைகளையே பலி கொடுத்தவர். லென்ஸில் ஆட்டத்தைக் குறைக்கும் பொத்தான் ஒன்று உண்டு. கையில் பிடிக்கும்போது பேட்டரி மிச்சம் என்று அதை அணைத்துவிடுவார். தேவையே இல்லாத ட்ரைபாடில் ஏற்றியதும் போட்டுவிடுவார்.

முன்னால் மாட்டிய மலிவு யூவி ஃபில்டரில் விரல் ரேகைகள் ஒரு காவல் நிலையத்துக்கே போதும். லென்ஸுக்குக் கீறல் விழாமல் காப்பவர் அல்லவா. இடையில் வியூஃபைண்டர் ஓரத்துச் சிறு சக்கரத்தைத் திருகிவிட்டு, "இப்ப சரியாயிருச்சு பாத்துக்கிடுங்க" என்பார். அது பார்ப்பவரின் கண் பவருக்கான சக்கரம். திருகினால் கண்ணுக்குத் தெரிவது மாறும், ஆட்டோஃபோகஸ் பிடிக்கும் இடம் மாறாது.

உண்மையிலேயே கருவியில் கோளாறு இருக்கக்கூடாதா என்றால், இருக்கலாம். டிஎஸ்எல்ஆரில் ஃபோகஸ் பார்க்கும் சென்சார் கண்ணாடிக்குக் கீழே தனியாக இருக்கிறது; படம் விழும் சென்சார் வேறு. இரண்டுக்கும் ஒளி போகும் தூரத்தில் மயிரிழை வித்தியாசம் இருந்தாலும் ஃபோகஸ் முன்னேயோ பின்னேயோ விழும். கண்டுபிடிப்பது எளிது. ட்ரைபாடில் கேமரா, எதிரே சாய்த்து வைத்த ஒரு ஸ்கேல், செல்ஃப் டைமர். வியூஃபைண்டரில் ஆட்டோஃபோகஸ் வைத்து ஒன்று. லைவ் வியூவில் பெரிதாக்கிக் கையால் ஃபோகஸ் வைத்து இன்னொன்று. இரண்டாவது மட்டும் தெளிவாக இருந்தால் லென்ஸ் நிரபராதி. ஃபோகஸைத்தான் திருத்த வேண்டும். பல கேமராக்களின் மெனுவிலேயே அதற்கு வழி உண்டு, இல்லாவிட்டால் சர்வீஸ் சென்டர். எந்த அப்பர்ச்சரிலும் படத்தின் ஒரு பக்கம் மட்டும் மழுங்கினால்தான் லென்ஸைக் கூண்டில் ஏற்றலாம்.

1990-ல் ஹப்பிள் தொலைநோக்கி மங்கலான படம் அனுப்பியபோது நாசாக்காரர்கள் இப்படித்தான் அளந்துகொண்டிருந்தார்கள். கண்ணாடியின் ஓரம் சுமார் 2 மைக்ரான் கூடுதலாகத் தேய்க்கப்பட்டிருப்பதைக் கண்டுபிடித்து, விண்வெளி வீரர்களை அனுப்பி 1993-ல் சரிசெய்தார்கள். அண்ணாச்சியைக் கேட்டிருந்தால் அன்று சாயங்காலமே வேறொரு ஹப்பிள் வாங்கச் சொல்லியிருப்பார். "அரை மணி நேரம் ஸ்கேலைப் போட்டோ புடிக்கவா நான் கேமரா வாங்குனேன்?" என்று கேட்கத் தெரியாதவர்கள் பாவம்.

தண்டனை பெற்ற லென்ஸ்கள் தோல் உறைக்குள், பீரோவுக்குள், சிலிக்கா ஜெல் ஒரு பொட்டலம்கூட இல்லாமல் அடைபட்டுக் கிடக்கின்றன. புதிது வாங்கப் பணம் புரட்டுவதற்காக, பாதி விலைக்கு அவற்றை விற்கிறார். செகண்ட் ஹேண்டில் லென்ஸ் தேடுகிறவர்கள் தயங்காமல் அண்ணாச்சியிடம் வாங்கலாம். உள்ளே டார்ச் அடித்துப் பூஞ்சை இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். வேறு பழுது எதுவும் இருக்காது.