சட்டை போட்ட ஐந்நூறு

நோட்டு மடிப்பது என் பொழுதுபோக்கு என்றால், "மடிக்கிற அளவுக்கு வச்சிருக்கீங்களா?" என்று வீட்டில் கேட்கிறார்கள். வைத்திருப்பது பெரும்பாலும் பத்து ரூபாய்தான். அதுவும் பழைய பத்து.

நம் நோட்டு பஞ்சில் செய்த தாள். சலவை நோட்டாக இருக்கும்போது மடிப்பை உதறிக்கொண்டு எழுந்து நிற்கும். ஊரெல்லாம் கைமாறித் துவண்டபின் எந்த மடிப்பும் அதில் நிற்காது. இரண்டுக்கும் நடுவே பக்குவமாக ஒன்று எப்போதாவது கையில் சிக்கும். அதை டீக்கடையில் நீட்டிய பிறகுதான் எனக்கு உறைக்கும்.

நோட்டில் எழுதாதீர்கள், மாலையாகக் கட்டாதீர்கள் என்று ரிசர்வ் வங்கி கேட்டுக்கொள்கிறது. மடிக்கிறவனை என்ன சொல்லும் என்று விசாரித்துப் பார்க்க எனக்குத் துணிச்சல் இல்லை.

ஜப்பானியர்கள் ஆயிரம் யென் நோட்டில் இருந்த மருத்துவ ஆய்வாளர் நொகுச்சி ஹிதேயோவுக்கு, மடிப்பாலேயே தலைப்பாகை கட்டிவிட்டார்கள். எனக்கு ஆசை அதைவிடச் சிறியது. கண்கள் வழியே மேடாக ஒவ்வொரு மடிப்பு, நடுவே மூக்கில் பள்ளமாக ஒன்று. சாய்த்துப் பார்த்தால் நோட்டில் இருக்கும் முகம் சிரிக்கும், நிமிர்த்தினால் வாடும். எல்லோருக்கும் சிரிக்கிற காந்தி என்னிடம் மட்டும், கணக்கு கேட்கிறவர்போல, ஒரு கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தார்.

அடுத்து, அமெரிக்கர்கள் ஒரு டாலரில் மடிக்கும் காலர் வைத்த சட்டை. பத்து ரூபாயில் மடித்தேன். தொப்புள் தெரிகிற நீளத்துக்குத்தான் வந்தது. கோளாறு விரலில் இருக்காது என்ற நம்பிக்கையில் அளவுகோலை எடுத்தேன். டாலரின் நீளம் அகலத்தைப்போல் 2.35 மடங்கு. நம் புதிய வரிசைப் பத்து ரூபாய் 123க்கு 63 மில்லிமீட்டர், இரண்டு மடங்குகூட இல்லை. ஐந்நூறு 150க்கு 66. டாலருக்கு மிக நெருக்கம். ஆக, என் கலைக்கு ஏற்ற தாள் ஐந்நூறுதான். இதைச் சாப்பாட்டு வேளையில் அறிவித்திருக்கக் கூடாது. மனைவி தன் பர்ஸை இடம் மாற்றிவிட்டாள்.

உண்மையான கலைஞர் பேருந்து நடத்துநர்தான் என்பது என் கட்சி. நீளவாக்கில் ஒரே மடிப்பு. விரலிடுக்குக்கு ஒரு மதிப்பு. வளைவில் வண்டி சாய்கிறது, அவர் கம்பியில் முதுகைக் கொடுத்துக்கொண்டு, பார்க்காமலே இருபதை உருவித் தருகிறார். வீட்டுக் கூடத்தில் நானும் நின்று பார்த்தேன், காற்றுக்கு மின்விசிறியை மூன்றில் வைத்து. நோட்டுகளைக் கட்டிலுக்கு அடியிலிருந்து பொறுக்க வேண்டியதாயிற்று.

ஐந்நூறு ரூபாய்ச் சட்டை ஒருவழியாக ஒரு கல்யாணத்துக்குத் தயாரானது. காலர் கச்சிதம். உறையில் போடாமல், மொய் எழுதும் சித்தப்பாவின் உள்ளங்கையிலேயே வைத்தேன்.

"ஏம்ப்பா, நோட்டை இப்படியா கசக்கி வைக்கிறது?" என்று பிரித்து, மேசையில் வைத்துத் தேய்த்து நீவினார். பிறகு நிமிர்ந்தார். "ஒத்த ரூவா எங்க?"

எல்லாப் பைகளையும் துழாவினேன். சட்டைப் பையில் பத்து ரூபாய்க் கப்பல் ஒன்றுதான் இருந்தது. அதையும் பிரித்துவிட்டு, ஒன்பது ரூபாய் மீதி கொடுத்தார்.