ஏழை, ஆனால் நேர்மையானவன்

ஆங்கில இலக்கணப் புத்தகங்களில் ஓர் ஏழை இருக்கிறான். என் அப்பா படித்தபோதும் அவன் ஏழை. செல்லூரில் என் வீட்டு மாடியில் டியூஷன் படிக்கும் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கும் அவன் ஏழைதான்.

'ஹி இஸ் புவர். ஹி இஸ் ஆனஸ்ட்.' இரண்டையும் சேர்க்க வேண்டும். நடுவில் 'பட்' போட்டால் காம்பவுண்ட். முன்னால் 'தோ' போட்டால் காம்ப்ளெக்ஸ். 'இன் ஸ்பைட் ஆஃப் ஹிஸ் பாவர்ட்டி' என்று சுருட்டினால் சிம்பிள். மூன்று தடவை சட்டை மாற்றிவிடுகிறோமே தவிர, அவன் கையில் பத்து ரூபாய் வைத்தவர் யாருமில்லை. அடுத்த வரியில் ஒரு நோயாளி. 'டூ வீக் டு வாக்', 'ஸோ வீக் தட் ஹி கெனாட் வாக்' என்று எப்படித் திருப்பிப் போட்டாலும் அவரால் நடக்க முடியாது. கூப்பிடு தூரத்தில் பெரியாஸ்பத்திரி. கொண்டுபோய்ச் சேர்க்கத்தான் ஆளில்லை.

'ரென் அண்ட் மார்ட்டின்' இலக்கணப் புத்தகத்தில் பாதியான பி.சி. ரென் 1924-இல் 'போ ஜெஸ்ட்' என்ற நாவலை எழுதிப் பேர் வாங்கியவர். சகாரா பாலைவனம், கோட்டை, துப்பாக்கிச் சண்டை எல்லாம் அதில் உண்டு. அதில் கொஞ்சத்தை இலக்கணத்துக்கும் ஒதுக்கியிருந்தால் என் மாடியில் இவ்வளவு கொட்டாவி இருக்காது.

மழை இன்னொரு கொடுமை. வைகையில் மணல் சுடுகிற மார்ச், ஏப்ரலில் பரீட்சை. கேள்வியிலோ கனமழையால் ஆட்டம் நின்றுபோகும்.

2019 வரை பத்தாம் வகுப்பு ஆங்கிலம் இரண்டு தாள். அரசாங்கம் அதை ஒன்றாக்கியது. ஒரே தாளில் எழுத வேண்டிய முதல் செட், 2020-இல் கொரோனா புண்ணியத்தில் எழுதாமலே பாஸ். தாளை அரசாங்கமே சேர்த்துவிட்டது. வாக்கியத்தை மட்டும் பிள்ளைகள் தலையில் கட்டிவிட்டது.

சேர்க்கத் தெரியாத ஊரா இது? ஒரு பையன் ஏன் வரவில்லை என்று அவன் அம்மாவிடம் கேட்டேன்.

"மாட்டுத்தாவணில பூ வாங்கப் போயி, மல்லிகை விலையக் கேட்டுக் கிறுகிறுத்து, வெறும் பையோட பஸ் ஏறி, சீட்டுக் கிடைக்காம நின்னுக்கிட்டே வந்து, கோரிப்பாளையத்துல எறங்கி, அங்கிட்டு வந்த இவன் அத்தைகிட்ட மாட்டி, அது பேசுறதயெல்லாம் கேட்டுக்கிட்டு வீடு வந்து சேர்றதுக்குள்ள ஏழரை ஆயிருச்சு சார்."

மூச்சு வாங்கவில்லை. போயி, கிறுகிறுத்து, ஏறி, எறங்கி என்று எச்சமாகவே கோத்து, கடைசியில் ஒரே ஒரு முற்று. இந்த அம்மா பெற்ற பிள்ளைக்கு இரண்டு வரியைச் சேர்க்க வரவில்லை. இரண்டு மார்க் கேள்வி. 'தோ ஹி இஸ் புவர் பட் ஹி இஸ் ஆனஸ்ட்' என்று எழுதுவான். தமிழில் 'ஏழையா இருந்தாலும், ஆனா நேர்மையானவன்' என்று பேசிப் பழகிய வாய். ஒட்டுக்கு ஒட்டாக இரண்டையும் போட்டுவிடும். "தோவும் பட்டும் சக்களத்திக மாதிரிடா, ஒரே வீட்ல இருக்க மாட்டாளுக" என்று கத்திக் கத்தித் தொண்டை போனதுதான் மிச்சம்.

போன வாரம் டெஸ்ட் வைத்தேன். அதே ஏழை, அதே கேள்வி: காம்ப்ளெக்ஸ் ஆக்குக. அந்தப் பையன் எழுதியிருந்தான்: 'ஆஸ் ஹி இஸ் ஆனஸ்ட், ஹி இஸ் புவர்'

"என்னடா இது, தலைகீழா இருக்கு?"

"சேக்கத்தான சார் சொன்னீங்க? நேர்மையா இருக்காரு, அதனால ஏழையா இருக்காரு. எங்க மாமாவும் அப்பிடித்தான்."

விடைக்குறிப்பைப் புரட்டினேன். அதில் 'தோ' மட்டும்தான். பையன் எழுதியதில் மெயின் கிளாஸ், சபார்டினேட் கிளாஸ், கமா எல்லாம் அதனதன் இடத்தில் ஒழுங்காக உட்கார்ந்திருந்தன. முற்றுப்புள்ளி வைக்காததற்கு அரை மார்க் குறைத்து, ஒன்றரை போட்டுக் கொடுத்தேன்.