மக்ரூனும் உமிழ்நீர்ச் சுரப்பியின் வித்தியாப்பியாசமும்

முத்துக்குளித்துறை என்று பெயர்பெற்ற தூத்துக்குடிக் கரையிலே சுரந்து திரண்ட பொருள்களுள் சிப்பியின் முத்தைப் பாண்டியர் முதல் போர்த்துகீசியர், டச்சுக்காரர், ஆங்கிலேயர் ஈறாக யாவரும் எடைபோட்டுக் கணக்கெழுதி வைத்திருக்க, அதே கரையில் மூன்று மாதச் சிசுவின் கடைவாயிலிருந்து இடையறாது வடியும் ஜொள்ளை ஒருவரும் ஏறெடுத்துப் பாராதது சரித்திர ஆசிரியர்களின் பாரபட்சம் என்றே கொள்ள வேண்டியிருக்கிறது.

இவ்விஷயத்தில் ஆச்சிமார் பட்சம், பல் முளைக்கப் போகிறது என்பது. முதற்பல் பெரும்பாலும் ஆறாம் மாதத்தை ஒட்டியே தலைகாட்டுவதால், மூன்றாம் மாதத்து ஜொள்ளுக்கு அதை ஜவாப்தாரியாக்குவது நியாயமன்று. உடலியலார் பட்சமோ, காதருகிலும் தாடையின் கீழும் நாவின் அடியிலும் அமைந்த மூன்று ஜோடிப் பெருஞ்சுரப்பிகளும் கருவிலேயே தோன்றிவிட்டாலும், பிறக்கும்போது பூச்சு வேலை முடியாத வீடுகளாகவே இருக்கின்றன என்றும், நீர் சுரக்கும் அணுக்கள் பெருகி முதிர்வதும், மாப்பொருளைச் செரிக்கும் அமிலேஸ் ஏறுவதும் ஜனனத்துக்குப் பின்னரே, சோறூட்டும் பருவத்தை எதிர்நோக்கி நடைபெறுகின்றன என்றும், இதற்கிடையே உதட்டை மூடி விழுங்கும் வித்தை பிள்ளைக்கு முற்றும் கைவராமையால் சட்டை நனைகிறது என்றும் கூறும். நாளொன்றுக்கு அரை லிட்டர் முதல் ஒன்றரை லிட்டர் வரை சுரக்கும் பெரியவர்கள், அதைச் சத்தமின்றி விழுங்கிவிடுவதனாலேயே கண்ணியவான்களாக உலவுகிறார்கள் என்பதும் ஈண்டுக் கருதத்தக்கது.

எனினும் சுரப்பி பருத்தால் மட்டும் போதாது. அது பாடம் படிக்கவும் வேண்டும் என்பதே இவ்வாராய்ச்சியின் சித்தாந்தம். 1904-இல் நோபல் பரிசு பெற்ற ருஷ்ய விஞ்ஞானி பாவ்லோவின் ஆய்வுக்கூடத்தில், பால் ஒன்றையே பருகி வளர்ந்த நாய்க்குட்டிகள் இறைச்சியைக் கண்டபோது வாய் ஊறாமல் நின்றன. அதைத் தின்று ருசி அறிந்த பிறகே ஊறத் தொடங்கின. தூத்துக்குடிப் பிள்ளைக்கும் இதுவே விதி. முந்திரிப் பருப்பும் சர்க்கரையும் முட்டையின் வெள்ளைக்கருவும் கூடிய மக்ரூனைப் பேக்கரிக் கண்ணாடிக்குள் பார்க்கும் பத்து மாதக் குழந்தை ஜொள்ளு வடிக்குமாயினும், அது வெறும் நீர்ப்பெருக்கேயன்றி ஆசையன்று. ருசி கண்ட நான்கு வயதுப் பிள்ளைக்கோ பெட்டியில் கட்டிய நூலை அவிழ்க்கும் ஓசையே போதும். வாயிலிட்ட மாத்திரத்தில் தானே கரையும் அப்பண்டத்துக்கு அமிலேஸின் ஒத்தாசை அவ்வளவாக வேண்டாம். ஆயினும் சுரப்பிகள் அதற்கே முழு மரியாதையும் செய்கின்றன.

இரண்டு வயது வரை சர்க்கரை ஆகாது என்பது வைத்தியர்கள் வாக்கு. ஆகையால் கைக்குழந்தை உள்ள வீட்டுக்கு மக்ரூன் பெட்டியுடன் வரும் தூத்துக்குடி உறவினர்கள், அதனை வித்தியாப்பியாசம் முடித்த பெரியவர்களிடமே ஒப்படைக்க வேண்டுமாய்க் கேட்டுக்கொள்கிறேன்.