கோட்டை வகையறா

பாஸ்போர்ட் படிவத்தில் 'சர்நேம்' என்று கேட்டால் எங்கள் எலவனாசூர்கோட்டைக்காரர் அப்பா பெயரை எழுதிவிட்டுத் தலையைச் சொறிவார். நம் பக்கம் குடும்பப்பெயர் ஊர்களுக்குத்தான்: புதுக்கோட்டை, பட்டுக்கோட்டை, அருப்புக்கோட்டை, நாங்கள். எல்லாம் கோட்டை வகையறா. ஒரு கல்யாணத்திலும் சந்தித்ததில்லை. தாலுகா உளுந்தூர்பேட்டையோ பேட்டை வகையறா. பட்டுக்கோட்டையாவது கவிஞர் கல்யாணசுந்தரத்தின் முன்னால் நின்று பாட்டில் பேர் வாங்கிவிட்டது. எங்கள் ஊரை யார் பெயருக்கு முன்னால் போட்டாலும் போஸ்டரில் அவர் பெயருக்கு இடமிருக்காது.

மாவட்டத்துக்கும் இதே பாடுதான். தென்னார்க்காடாக இருந்தோம். 1993-இல் விழுப்புரம் ராமசாமி படையாட்சியார் மாவட்டம் ஆனோம். 1997-இல் தலைவர்கள் பெயரையெல்லாம் எடுத்தார்கள்; வெறும் விழுப்புரம். 2019-இல் கள்ளக்குறிச்சி. ஊர் ஓரடி நகரவில்லை. ஆதாரில் முகவரி மாற்ற வரிசையில் நகர்ந்தது நாங்கள்தான்.